கல்லூரி ஐடி கார்டு வருவதற்கு முன்பே லேப்டாப்பில் மாணவர் தள்ளுபடி வாங்க முடியுமா?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சலிங்கில் இசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) வந்திருக்கிறது. ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ கொடுத்து, டிஎஃப்சி எனும் சேர்க்கை உதவி மையத்தில் பணமும் கட்டியாகிவிட்டது. விருப்பப் பட்டியலில் மேலே உள்ள கல்லூரி கிடைத்தால் அங்கே போவாள், இல்லையென்றால் இப்போது வந்திருப்பதே. ஐடி கார்டும் கல்லூரி மெயிலும் வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் தருவார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

விண்டோஸ் என்றால் 70,000 ரூபாய் வரை, மேக்புக் என்றால் கொஞ்சம் இழுத்துப் பிடித்து 90,000 வரை போகலாம். அலாட்மென்ட் ஆர்டரை வைத்தே மாணவர் விலையில் வாங்க முடியுமா? பில் அப்பா பெயரில் இருந்தால் சிக்கல் வருமா? ஆப்பிள், எச்பி, லெனோவா என்று எல்லோரும் ‘ஸ்டூடன்ட் ஆஃபர்’ போடுகிறார்கள். இதில் எது உண்மையிலேயே லாபம்?

---

சான்றுசரிபார்

ஐடி கார்டு இல்லாமலும் முடியும். ஆனால் இன்றைக்கு முயற்சி செய்யாதீர்கள் தம்பி. அப்வர்ட் முடிவு வரும்வரை தங்கையின் கல்லூரி எது என்பதே உறுதியில்லை. இப்போதுள்ள கல்லூரி பெயரில் பதிவு செய்துவிட்டு, பிறகு வேறு கல்லூரிக்கு மாறினால் அந்தக் கணக்கைத் திருத்துவது வீண் அலைச்சல். ப்ரொவிஷனல் அலாட்மென்ட் ஆர்டர் இறங்கி, கல்லூரியில் சேர்ந்து, கட்டணம் கட்டிய ரசீதை வாங்குங்கள். அந்த ரசீது, அலாட்மென்ட் ஆர்டர் இரண்டும் கையில் இருந்தால் ஐடி கார்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். சேர்க்கை அன்றே அலுவலகத்தில், இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கல்விக் கடன், பஸ் பாஸ் என்று எப்படியும் தேவைப்படும். ஒரு பிரதி கூடுதலாகக் கேளுங்கள்.

ஆப்பிளின் கல்வி விலை, படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டுமல்ல. புதிதாகச் சேர்க்கை கிடைத்தவர்களுக்கும், அவர்களுக்காக வாங்கும் பெற்றோருக்கும் உண்டு. ஆகவே அப்பா பணம் கட்டுவதில் தவறில்லை. ஆனால் இந்தியாவில் ஆன்லைன் கடைக்குள் நுழையும்போது யுனிடேஸ் என்ற சேவை வழியாக மாணவர் என்று நிரூபிக்கச் சொல்லும். அந்தக் கணக்கு தங்கையின் பெயரில்தான் இருக்க வேண்டும். கல்லூரி, படிப்பு, முடிக்கும் ஆண்டு எல்லாம் கேட்கும். கல்லூரி மெயில் இருந்தால் பெரும்பாலும் உடனே முடியும். இல்லாவிட்டால் ஆவணத்தைப் படமெடுத்து ஏற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

நிராகரிப்பு எங்கே வருகிறது என்றால், நம் ஊர்ப் பெயர்களில்தான். மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா எஸ்’ என்று இருக்கும், ஆதாரில் ‘கவிதா செல்வம்’ என்று இருக்கும், படிவமோ ‘கடைசிப் பெயர்’ என்று கேட்கும். எந்த ஆவணத்தை ஏற்றப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். இனிஷியல்தான் இருக்கிறது என்றால் கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலையே போடுங்கள், விரித்து எழுத வேண்டாம். அடுத்தது, படத்தை வெட்டி ஏற்றுவது. மாணவர் பெயர், கல்லூரி பெயர், நடப்புக் கல்வியாண்டு அல்லது தேதி, இந்த மூன்றும் ஒரே படத்தில் முழுதாகத் தெரிய வேண்டும். ரசீதில் தேதி இருந்து கல்லூரி பெயர் முத்திரையில் மட்டும் மங்கலாக இருந்தால் அதை விட்டுவிட்டு போனஃபைடைப் போடுங்கள். பிளஸ் டூ பள்ளி அட்டை செல்லாது.

எச்பி, லெனோவா, டெல் கல்விக் கடைகளிலும் இதே கதைதான்: கல்லூரி மெயில் அல்லது ஆவணம். இங்கே இன்னொரு தடங்கல் உண்டு. ‘.ஏசி.இன்’, ‘.இடியு.இன்’ என்று முடியும் முகவரியைத்தான் தானியங்கிச் சோதனை எளிதில் நம்பும். சில தனியார் கல்லூரிகள் ‘.காம்’, ‘.ஆர்க்’ முகவரிகளையே மாணவர்களுக்கும் தருகின்றன. அப்படி இருந்தால் மெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேராக ஆவண வழிக்குப் போய்விடுங்கள்.

டெலிகிராமில் 300, 400 ரூபாய்க்குக் கல்லூரி மெயில் விற்பவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். மாணவர் விலையில் செய்த கொள்முதலைப் பின்னால் தணிக்கை செய்யும் உரிமை ஆப்பிளின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. தங்கைக்கு நியாயமாகவே கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு அந்தக் குறுக்கு வழி எதற்கு?

---

ரிச்சிதெரு_பில்

மேலே அண்ணன் சரிபார்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் விலைக்கு வருகிறேன்.

மேக்புக்கில் மாணவர் விலை என்பது நிஜமான தள்ளுபடி. உதாரணத்துக்கு, 2025 மார்ச்சில் எம்4 மேக்புக் ஏர் 13 அங்குலம் 99,900 ரூபாய்க்கு வந்தது, கல்வி விலை 89,900. நேராக 10,000 குறைவு. அதற்கு மேல், ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் வரை ஓடும் கல்லூரித் திறப்புச் சலுகையில் ஏர்பாட்ஸ் போன்ற ஏதாவது துணைப்பொருளும் சேர்ந்து வருவது வழக்கம். பொறியியல் வகுப்புகள் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் தொடங்குகின்றன என்பதால் சேர்க்கை முடிந்த பிறகு வாங்கினாலும் அந்தச் சலுகைக்குள் வந்துவிடலாம். கல்வி விலையில் ஓர் ஆண்டுக்கு ஒரு மடிக்கணினிதான் என்ற வரம்பும் உண்டு. சித்தி மகனுக்கும் சேர்த்து ஒரே கணக்கில் வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற கடைகளிலும் அமேசான், ஃபிளிப்கார்ட்டிலும் வங்கி கேஷ்பேக் சேரும்போது அதே மேக்புக் கல்வி விலைக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ வந்துவிடும் நாட்கள் உண்டு. அந்த அங்கீகாரக் கடைகள் பலவும் ஐடி கார்டைக் காட்டினால் தாங்களே மாணவர் விலை தருகின்றன. இரண்டையும் ஒரே பில்லில் சேர்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள். மாணவர் விலை எடுத்தால் வங்கி ஆஃபர் கிடையாது என்பார்கள் சிலர். அந்த ஒரு கேள்விதான் கணக்கையே மாற்றும்.

விண்டோஸ் லேப்டாப்பில் கதை வேறு. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எம்ஆர்பியை 95,000 என்று காட்டி, அதிலிருந்து மாணவர் தள்ளுபடி கழித்து 72,000 என்று போடுவார்கள். அதே மாடல் கடையில் 70,000க்குக் கிடக்கும். எம்ஆர்பியோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். மாடலின் முழு எண்ணை, கடைசியில் வரும் அந்த ஐந்தாறு எழுத்து வால் உட்பட, எடுத்துக்கொண்டு நான்கு இடத்தில் கையில் விழும் விலையைக் கேளுங்கள். வால் மாறினால் திரை மாறும், ரேம் மாறும், பேட்டரி மாறும். பெயர் மட்டும் ஒன்றாக இருக்கும்.

விண்டோஸ் பக்கம் மாணவர் என்பதால் வரும் உண்மையான லாபம் வாரண்டியில் இருக்கிறது. கல்லூரி சீசனில் பெரிய நிறுவனங்கள் சிறு தொகைக்குக் கூடுதல் வாரண்டியும், கீழே விழுந்து உடைந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ சரிசெய்து தரும் பாதுகாப்பும் தருகின்றன. ஹாஸ்டலில் இருக்கப்போகும் பிள்ளைக்கு 2,000 ரூபாய் தள்ளுபடியைவிட இது பெரிது. இது பில்லோடு தானாக வராது. வாங்கிய பிறகு நிறுவனத்தின் சலுகைப் பக்கத்தில் பில், சீரியல் எண் படம், மாணவர் சான்று மூன்றையும் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஏற்ற வேண்டும். பலர் இழப்பது இங்கேதான். அந்த நாட்கெடு ஐடி கார்டு வருவதற்குள் முடிந்துவிடலாம், அதனால் போனஃபைடை முன்பே வாங்கி வையுங்கள் என்று அண்ணன் சொன்னது இதற்கும் பொருந்தும். பில் மாணவர் பெயரில் இருக்க வேண்டும் என்று சில சலுகைகளில் நிபந்தனை இருக்கும். எனவே பணம் யார் கட்டினாலும் பில்லைத் தங்கை பெயரிலேயே போடச் சொல்லுங்கள், சீரியல் எண்ணும் பில்லில் அச்சாகி இருக்கட்டும்.

அப்பா கடை வைத்திருந்து ஜிஎஸ்டி எண் இருந்தால் ‘அதைப் போட்டால் 18 சதவீதம் திரும்ப வந்துவிடும்’ என்று ஆசை காட்டுவார்கள். தொழிலுக்குப் பயன்படும் பொருளுக்குத்தான் அந்த வரவு. மகள் படிக்கும் லேப்டாப்புக்கு எடுப்பது சரியல்ல, பில்லும் கடை பெயருக்குப் போய் மாணவர் சலுகையும் கெடும்.

---

மின்சுற்று

விலை பேசுவதற்கு முன்னால் இசிஇ என்பதைக் கவனியுங்கள். மேக்புக் தரமான இயந்திரம்தான், ஆனால் இந்தப் படிப்புக்கு அது இடிக்கும். சில்லு வடிவமைப்பு சார்ந்த விஎல்எஸ்ஐ, எஃப்பிஜிஏ ஆய்வகத்துக்கு வேண்டிய விவாடோ மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் மட்டுமே ஓடும். மின்சுற்றைத் திரையிலேயே சோதிக்கும் மல்டிசிம் விண்டோஸ் மட்டும். மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதும் கெய்ல் மியூவிஷனும் விண்டோஸ் மட்டும். எல்டிஸ்பைஸ், மேட்லேப் மேக்கில் ஓடும், அதில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஏதாவது ஒன்றுக்காக ஆய்வகக் கணினியையே நம்பியிருக்க வேண்டும். கணினி அறிவியல் என்றால் மேக்கைத் தாராளமாகச் சொல்வேன். மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் வேண்டாம், ஏனென்றால் அங்கே வேண்டிய வடிவமைப்பு மென்பொருள்களான சாலிட்ஒர்க்ஸும் ரெவிட்டும் விண்டோஸுக்கு மட்டுமே.

இதே காரணத்தால் ஸ்னாப்டிராகன் சில்லு போட்ட விண்டோஸ் லேப்டாப்பையும் தவிருங்கள். மாணவர் ஆஃபரில் நல்ல பேட்டரியோடு ஆசையாக விலை வைப்பார்கள். ஆய்வகப் போர்டுகளை இணைக்கும் பழைய யுஎஸ்பி டிரைவர்கள் அதில் ஏறாமல் போகும்.

70,000க்குள் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி கண்டிப்பாக இருக்க வேண்டும். விவாடோ ஒன்றே பல பத்து ஜிபியைத் தின்னும். ‘8 ஜிபி வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற பழைய அறிவுரை இப்போது சரிவராது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது, தவிர பல மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கடையில் டெமோ பீஸைத் திறந்து டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்று காட்டும்.

சில்லுப் பெயரில் ஏமாறாதீர்கள். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் ‘ஜென்’ தலைமுறை, எண் கூடினால் புதியது. 7520யு என்றால் ஜென் 2, 7530யு என்றால் ஜென் 3, 7640எச்எஸ் என்றால் ஜென் 4. ‘ரைசன் 5, 7000 சீரிஸ்’ என்று ஒரே மாதிரி எழுதி மாணவர் ஆஃபரில் தள்ளிவிடப்படுவது பெரும்பாலும் முதல் ரகம். இன்டெல்லில் ஐ5-1334யு என்பதில் 2 வேகமான கோர்களும் 8 சிறிய கோர்களும், ஐ5-13420எச் என்பதில் 4 வேகமான கோர்களும் 4 சிறிய கோர்களும். விவாடோ மாதிரி நெடுநேரம் வேலை வாங்கும் மென்பொருளுக்குக் கடைசியில் எச் வரும் வகை நல்லது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அவசரமும் வேண்டாம். முதல் செமஸ்டரில் பைதான் அல்லது சி நிரல்கள்தான், ஆய்வகத்திலேயே முடியும். துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவதே சரி.

---

வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. மேக்கை விட்டுவிட்டோம். அப்பா கல்விக் கடன் போடப்போகிறார். லேப்டாப்பையும் அதில் சேர்க்கலாமா, இல்லை நோ காஸ்ட் இஎம்ஐ நல்லதா?

---

வட்டிக்கணக்கு

சேர்க்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவை என்றால் நியாயமான விலையில் கணினி வாங்குவதும் அனுமதிக்கப்பட்ட செலவுதான். 4 லட்சம் வரை நீங்கள் கைப்பணம் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்க மாட்டார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போதே செலவுப் பட்டியலில் லேப்டாப் தனி வரியாக இருக்க வேண்டும். கடன் ஒப்புதலான பிறகு கொண்டுபோனால் ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்பார்கள். மேலாளர் கேட்பது கொட்டேஷன்: கடையின் லெட்டர்பேடில், தங்கை பெயரில், மாடல் எண், வரி உட்பட மொத்த விலை, கடையின் வங்கிக் கணக்கு விவரத்தோடு. பெரும்பாலும் பணம் நேரே கடைக்குப் போகும். ஆன்லைன் கல்விக் கடைகளில் இப்படி வாங்குவது கடினம். கடன் வழி என்றால் ஊரில் உள்ள கடைதான் சௌகரியம். முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்துப் பெற முடியுமா என்பதைக் கிளையில் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லாமல் இல்லை. வட்டித் தொகையை விலையில் கழித்துவிட்டு, வங்கி அதை மாதாமாதம் வசூலிக்கிறது. 72,000 ரூபாயை 12 மாதம், 6,000 வீதம், 15 சதவீத வட்டி என்று வையுங்கள். கடனாகப் பதிவாவது சுமார் 66,480 ரூபாய், வட்டி சுமார் 5,520. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 990 ரூபாய், இது உங்கள் தலையில். செயல்பாட்டுக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 1,200 ரூபாய்க்கு மேல் கூடுதல். அதோடு, மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் உடனடித் தள்ளுபடி இஎம்ஐக்கு உண்டா என்பதையும் பாருங்கள். இடையில் கடனை முடித்தால் முன்முடிவுக் கட்டணம் வேறு.

கையில் பணம் இருந்தால் மொத்தமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் ஆறு மாத இஎம்ஐ, அதைத் தாண்ட வேண்டாம். நான்கு வருடப் படிப்பு முடிந்து, அதற்கும் ஓர் ஆண்டு கழித்துத் திருப்பத் தொடங்கும் கடனில் லேப்டாப்பைச் சேர்த்தால், பழையதாகிப் போன பொருளுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வேறு வழி இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி, இருப்பவர்களுக்கு அல்ல.

---

பொதிகைத்தென்றல்

யாரும் சொல்லாத ஒன்று. அப்வர்டில் அரசுக் கல்லூரி கிடைத்தால் வாங்குவதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். எந்த ஆண்டு மாணவர்களுக்கு எப்போது என்பதைக் கல்லூரி சொல்லும்.

மென்பொருள் பக்கம்தான் மாணவர் சலுகையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆட்டோடெஸ்க் வடிவமைப்பு மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நிரல் எழுத உதவும் ஜெட்பிரெயின்ஸ் மென்பொருள்களும் அப்படியே. கிட்ஹப் மாணவர் தொகுப்பு ஐடி கார்டு வந்ததும் எடுங்கள். மேட்லேப் உரிமம் பல கல்லூரிகளே வாங்கி வைத்திருக்கின்றன, தனியாக வாங்காமல் துறையில் கேளுங்கள். ஆன்டிவைரஸ் 1,500 ரூபாய் என்று கடையில் பில்லில் சேர்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும்.

லேப்டாப்போடு வரும் எம்எஸ் ஆபீஸைத் திறந்த அன்றே செயல்படுத்திவிடுங்கள். விண்டோஸ் செயல்பட்ட நாளிலிருந்து 180 நாள்தான் கெடு. அதைத் தங்கையின் சொந்த மெயிலில் இணைக்க வேண்டும். கல்லூரி மெயிலில் இணைத்தால் படிப்பு முடிந்து மெயில் மூடப்படும்போது ஆபீஸும் கைவிட்டுப் போகலாம்.

---

ரிச்சிதெரு_பில்

வாங்கும் நாளுக்கு மட்டும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வந்தால் பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய, சீல் உடைப்பதிலிருந்து திரை எரியும்வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். பெட்டி, லேப்டாப் அடிப்பக்கம், பில், மூன்றிலும் சீரியல் எண் ஒன்றா என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டு வாரண்டி தொடங்கும் தேதியைப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் முன்னதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், கிடங்கிலிருந்து கிளம்பிய நாள் பதிவாகியிருக்கும். பில்லை அனுப்பினால் வாங்கிய தேதிக்கு மாற்றித் தருவார்கள். ஆனால் அதை முதல் வாரத்திலேயே செய்யுங்கள். பில்லில் அச்சடித்த மாணவர் சலுகையையோ வாரண்டியையோ தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

---

வைகைக்கரை

போனஃபைடில் ‘எஸ். கவிதா’ மாதிரி இனிஷியல் முன்னால் போட்டுத் தருவார்களாம். பில்லில் எப்படிப் போடுவது?

---

சான்றுசரிபார்

போனஃபைடில் எப்படியோ பில்லிலும் அப்படியே, ஓர் எழுத்து மாறாமல். விண்ணப்பம் எழுதும்போதே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பெயர் போடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். அப்புறம் வங்கி, சலுகைப் பக்கம், யுனிடேஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாளே போதும்.